அத்தியாவசியமில்லாத பிள்ளை

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை ஆறு மணிக்குக் கொரோனாவுக்காக நாட்டைப் பூட்டினார்கள். பதுளைக் கோர்ட்டையும் பூட்டினார்கள். இந்தச் சங்கதி மலையில் கொழுந்துக்கு மட்டும் எட்டவில்லை. அது பாட்டுக்குத் துளிர்த்தது. ஆகவே பசறையிலும் ஹாலிஎலயிலும் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டார்கள். தேயிலை அத்தியாவசியமாம். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு பெண்கள் மலையேறினார்கள்.

எடுத்த கொழுந்தை விற்க வேண்டாமா? 1883இலிருந்து ஆட்கள் ஒன்றுகூடி நடத்திய கொழும்புத் தேயிலை ஏலம், ஏப்ரல் 4ஆம் திகதி முதன்முதலாக இணையத்துக்கு ஏறியது. நூற்றாண்டு தாண்டிய வழக்கத்தை மாற்றப் பதினைந்தே நாள். கெட்டிக்கார நாடு.

உச்ச நீதிமன்றமும் சும்மா இருக்கவில்லை. மே 18இலிருந்து பத்து நாள் பொதுத்தேர்தல் மனுக்களைக் கேட்டது. கலைந்த பாராளுமன்றம் யார் பொறுப்பில் இருப்பது என்பது லேசுப்பட்ட வழக்கா?

இனி, பிள்ளையைக் கேட்டு வழக்குப் போட்ட ஒரு தோட்டத்துத் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். சண்டை போட்ட புருஷன் மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் நுவரெலியாப் பக்கம் தன் தாய் வீட்டில் விட்டுவிட்டான். இவளுக்குக் கிடைத்தது தவணை. அந்தத் தவணைக்குப் போனால் கேட் பூட்டு; பிறகு இன்னொரு தவணை. 2021 மேயில் மாகாண எல்லைகளையும் அடைத்தார்கள். ஊவாவிலிருந்து தேயிலைப் பெட்டி கொழும்புக்குப் போகலாம், தாய் பக்கத்து மாகாணத்துக்குப் போய்ப் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாது. இறங்கிப் போக அவள் ஏற்றுமதிச் சரக்கில்லையே!

நோய் பொய்யில்லை. கோர்ட்டு வராந்தாவில் சனம் நெருக்கியடித்து நின்றிருந்தால் சாவு விழுந்திருக்கும். பூட்டியதில் எனக்கு வழக்கில்லை. ஏலத்துக்குத் தெரிந்த வழி நீதிக்கு ஏன் தெரியவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். தொலைத்தொடர்பு வழியே வழக்குக் கேட்கவும், இயங்காத கோர்ட்டுக்குப் பதில் வேறு கோர்ட்டைக் குறிக்கவும் இடம்கொடுத்த 17ஆம் இலக்கச் சட்டம் வந்தது 2021 ஆகஸ்டில். தேயிலைக்குப் பதினைந்து நாள், பிள்ளைக்குப் பதினேழு மாதம்! அதே ஆகஸ்ட் 20இல் நாடு மறுபடி பூட்டு. அந்தப் பூட்டுக்குள்ளேயே செப்டம்பர் 17ஆம் திகதி சாராயக் கடைகள் திறந்தன. கியூ தெருமுனை தாண்டியது. போத்தலுக்கு யாரும் தவணை போடவில்லை.

ஒல்லாந்தர் 1796இல் கப்பலேறிப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன உரோமன் டச்சுச் சட்டம் மட்டும் கப்பலேறாமல், கலியாணம் முறியாத வரைக்கும் பிள்ளை மேல் முதல் உரிமை தகப்பனுக்கே என்று இங்கேயே குந்தியிருக்கிறது. அதை அசைக்க வேண்டுமானால் பிள்ளையின் நலனுக்கு அது கேடு என்று தாய் காட்ட வேண்டும். யாரிடம் காட்டுவது, பூட்டிய கேட்டிடமா?

கடைசியில் ஒருநாள் கோர்ட்டுத் திறக்கும். நாட்சம்பளத்தை விட்டு, லோயருக்குக் கடன் வாங்கிக் கட்டி, அவள் போய் நிற்பாள். எதிர்த்தரப்பு எழுந்து பணிவாகச் சொல்லும்: "கனம் நீதிபதி அவர்களே, பிள்ளை இப்போது அந்த வீட்டோடு நன்றாகப் பழகிவிட்டது. இனிப் பிரிப்பது பிள்ளைக்கு நல்லதல்ல." தாமதம் அரசாங்கத்தின் கைங்கரியம், அது இப்போது அவளுக்கு எதிரான சாட்சி.

இதே பெண் மலையில் நிறை குறைவாகக் கொழுந்து எடுத்திருந்தால் கணக்கப்பிள்ளை அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், போட்டிருப்பார். நோய், மழை, அட்டை என்று காரணம் சொன்னால் தராசு கேட்காது. பதினேழு மாதம் நிறைக்கு ஒன்றும் கொண்டுவராத கொழும்புப் பெரியவர்களில் எத்தனை பேருக்கு அரைப் பேர் விழுந்தது?