கடப்புறத்து வீட்டை விக்க வந்த மருமவனுக்கு

வாரும்வே மருமவனே. பெட்டியத் தார்சாவுல வச்சிட்டு உக்காரும். வெயில்ல வந்திருக்கீரு, முதல்ல நாலு நுங்கு உள்ள போகட்டும், அப்புறம் வீட்டு வெலையப் பேசலாம். மெட்ராசுல பன்னெண்டாவது மாடியில இருக்கிறவரு, குலசைக்கும் மணப்பாட்டுக்கும் நடுவுல அப்பன் கட்டின வீட்டை, "சும்மா பூட்டித்தானே கெடக்கு"ன்னு விக்க வந்திருக்கீரு. வித்த காசுல என்ன செய்யப் போறீருன்னு கேட்டா, ஈ.சி.ஆர். ரோட்டுல கடல் தெரியிற பிளாட் ஒண்ணு வாங்கணுங்கீரு. கடல வித்துக் கடல் வாங்குத புத்தி நம்ம குடும்பத்துல வேற எவனுக்கு வரும்?

பயப்படாதீரும், நான் தடுக்க மாட்டேன். சார்பதிவாளர் ஆபீசு வேப்பமரத்தடியில பத்திரம் எழுதியே கெழவனானவன் நான். வீட்டை விக்காதீங்கன்னு சொல்லியிருந்தா நான் எப்பமே பட்டினி கெடந்திருப்பேன். தாராளமா வில்லும். ஆனா மாமன் பேச்சு ஒண்ணு கேளும். இந்தக் கோடைய இந்த வீட்டுல குடும்பத்தோட கழிச்சிட்டு அப்புறம் வில்லும். வெலையும் கூடும், வில்லங்கமும் கொறையும். எப்படின்னு சொல்லுதேன்.

மொத, ஒமக்கு ஆசை காட்டின தரகரப் பத்தி. "ராக்கெட் வருது அண்ணாச்சி, வெல வானத்துக்குப் போவும்"னாராக்கும்? ராக்கெட் வாரது நெசந்தான். குலசையில, அதான் குலசேகரப்பட்டினத்துல, வார ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல அடிக்கல் நாட்டியாச்சு. ஸ்ரீஹரிகோட்டாவுலேருந்து தென் துருவத்தப் பாத்து விட்டா இலங்கை குறுக்க நிக்கும், சுத்திப் போகணும், எரிபொருள் வீணு. இங்கேருந்து தெக்க விட்டா நேரா கடல்தான். அதனால சின்ன ராக்கெட்டுக்கு இந்த எடம்னு முடிவு செஞ்சாக. அதுக்கு வேண்டிய 2,000 ஏக்கருக்கு மேலான நெலம் ஒம்ம வீட்ட விட்டுத் தள்ளி இருக்கு. ராக்கெட் ஒம்ம முத்தத்துல எறங்கப் போறதில்ல. ஒம்மகிட்ட வானத்தக் காட்டின அதே தரகரு, வாங்குதவன்கிட்டப் போயி, "ராக்கெட் சத்தத்துல சுவரு விட்டுரும், கொறச்சுக் கேளுங்க"ம்பாரு. ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்குத மனுசனுக்கு ரெண்டு நாக்கு வேணுமில்லா? அவரு பேச்ச விடும். பதிவுத்துறையில வழிகாட்டி மதிப்பு என்னன்னு பாரும். போன வருசம் இந்தத் தெருவுல எந்த வீடு எவ்வளவுக்குக் கைமாறிச்சுன்னு டீக்கடையில கேளும். அதுதான் வெல.

அடுத்தது, "கடல் ஓரம்"னு நீரு தலைய நிமித்துதீரே, அது. கடல் பக்கம்னா வெல கூடும்னு நெனைக்கீரு. வாங்குதவன் வக்கீலோட வந்தா அளவு டேப்பும் சேந்து வரும். கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை மொத வந்தது 1991-ல. பொறவு 2011-ல ஒண்ணு, 2019-ல ஒண்ணு. உயர் அலைக் கோட்டுலேருந்து 500 மீட்டர் வரைக்கும் அதோட பிடியில இருக்கு. கிராமத்துல சனம் ரொம்ப நெருக்கமா இருந்தா மொத 50 மீட்டர், இல்லன்னா மொத 200 மீட்டர், புதுசாக் கட்டடம் எழுப்பக் கூடாத எடம். முறையா அனுமதியோட இருக்கிற வீட்டைப் பழுது பாக்கலாம். இடிச்சிட்டு மூணு மாடி ரிசார்ட் கட்டுதேன்னு வாரவன்கிட்ட, "அதெல்லாம் கட்டலாம் சார்"னு நீரு வாய்விட்டீருன்னா, நாளைக்கு அட்வான்சு திரும்பக் கேட்டு ஒம்ம பன்னெண்டாவது மாடிக்கு லிப்ட்ல ஏறி வருவான்.

சரி, வீட்டுக்குள்ள வாரும். பட்டாசல்ல ஒடஞ்ச தையல் மிசினு, கல்யாணத்துல வந்த எவர்சில்வர் குடம் ஒரு அட்டி, மச்சுல ஒங்கம்மை கட்டி வச்ச பழைய பாயி. வாங்க வாரவன் நம்ம பரம்பர சரித்திரத்தப் பாக்க வரல. எல்லாத்தையும் ஒழிச்சுக் கட்டும். எதிரெதிர் சன்னலத் தெறந்து போட்டு, மத்தியானக் கடக்காத்து உள்ள பூந்து வெளிய போகட்டும். மூடிக் கெடந்த நாத்தம் போக இதுதான் மருந்து. ஊதுபத்தி பத்த வச்சா, எதையோ மறைக்கான்னு வாரவன் மூக்கே சொல்லிரும்.

பழைய காரைக் கட்டு அப்படியே நிக்கி, பாத்தீரா? சுண்ணாம்பும் கடுக்காத் தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் சேத்து அரச்ச காரை. உரியுதது ஒங்கப்பா பொறத்தால இழுத்துக் கட்டின கான்கிரீட் அடுக்களதான். உப்புத் தண்ணியில கொழச்சா உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதும். ஊதினா பூச்சத் தள்ளும். நீரு அதுமேல பளபளன்னு பெயிண்ட் அடிக்கலாம்னு பாக்கீரு. குலசை தசராவுல வேசம் கட்டுதவன் திருவிழா முடிஞ்சதும் கலைச்சிருவான். ஒம்ம சுவரு கட்டின வேசத்த ஐப்பசி மழை வந்து கலைக்கும், அம்புட்டுதான் வித்தியாசம். உரிஞ்சதத் தட்டி எடுத்து, கம்பித் துருவச் சொரண்டி, நல்ல தண்ணியில கொழச்சுப் பூசும். பழைய சுவத்துக்குச் சுண்ணாம்பே போதும், ஈரம் வெளிய போகும். பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சா ஈரம் உள்ளயே கெடந்து உப்பாப் பூக்கும்.

இந்த வீட்டுல வெல மதிக்க முடியாத சாமான் ஒண்ணு இருக்குன்னா, அது புறவாசல் கெணறு. கடலுக்கு இம்புட்டுப் பக்கத்துல நல்ல தண்ணி. திருச்செந்தூர்ல நாழிக்கெணத்தப் பாத்திருக்கீருல்லா, அலை அடிக்கிற எடத்துல குடிக்கத் தண்ணி! மணல்ல எறங்கின மழைத் தண்ணி, கனங்கூடின உப்புத் தண்ணிக்கு மேல மெதந்து நிக்கி. அதனாலதான் மேலாப்புல அள்ளினா இனிக்கும். புத்திசாலித்தனமா ஆழ போர் போட்டு மோட்டார வச்சு உறிஞ்சினீருன்னா கீழ இருக்கிற உப்பு மேல ஏறிரும். பிறகு அடுத்த வீட்டுக் கெணறும் சேந்து கெடும். போரு வேண்டாம். தூர் எடுத்து, எறைச்சு, வாரவனுக்கு ஒரு செம்பு குடிக்கக் கொடும். ஆனா பூட்டிக் கெடந்த கெணத்துக்குள்ள ஆளச் சடக்குன்னு எறக்காதீரும். விசக்காத்து தங்கியிருக்கும். தெரிஞ்ச ஆள வச்சு, காத்து போக விட்டு, கயிறு கட்டித்தான் எறங்கணும்.

இப்பம் கூட்டத்த வரவையும். பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. தங்கச்சி ரெண்டு பேருக்கும் போனப் போட்டு, பிள்ளைகளோட வரச் சொல்லும். ஏன் முழிக்கீரு? "அவாளுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே"ன்னு சொல்ல வாரீரு. நகை நகைதான்வே, சொத்து சொத்துதான். ஒங்கப்பா சுயமாச் சம்பாதிச்ச வீடு. உயில் எழுதாமப் போயிட்டாரு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துலேருந்தே மவனுக்கும் மவளுக்கும் சமபங்கு. பாட்டன் சொத்துன்னாலும் தப்பிக்க முடியாது. தமிழ்நாட்டுல 1989-லயும் நாடு முழுக்க 2005-லயும் பொம்பளப் பிள்ளைகளுக்கும் பிறப்புரிமை குடுத்தாச்சு. பங்க விட்டுக் குடுக்க அவாளுக்கு மனசிருந்தா, ஒம்ம பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதியலாம். குடும்பத்துக்குள்ளன்னா முத்திரைத் தீர்வை ஒரு சதவீதந்தான், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல போகாது. பதிவுக் கட்டணம் 10,000-க்கு மேல போகாது. இல்ல, பங்கு வேணும்னா மூணு பேருமாச் சேந்து கையெழுத்துப் போட்டுக் காசப் பிரிச்சிக்கிடும். போன்ல கேட்டா சண்டை வரும். அம்மை சமைச்ச அடுக்களையில சாளைக் கொழம்பு கொதிக்கும்போது கேளும், பேச்சு வேற மாதிரி போவும். ஆனா ஒண்ணு, கொழம்பு வாசனையில மயக்கிக் கையெழுத்து வாங்கலாம்னு கணக்குப் போடாதீரும். அவாளும் என் மருமக்கமாருதான். பத்திரத்த அவாளுக்கு நாந்தான் வாசிச்சுக் காட்டுவேன்.

சாளைன்னதும் நாக்கு ஊறுதோ? மீன் வாங்குதது எப்படின்னும் கேட்டுக்கிடும். ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, மீன் இனம் பெருகுத காலம். வல்லமும் கட்டுமரமும் போவும். விடிய கரைக்குப் போனா அன்னன்னைக்குப் பிடிச்ச சாளையோ நெத்திலியோ காரலோ கெடைக்கும். அந்த நாள்ல கடையில பாறாங்கல்லு மாதிரி பெரிய மீனக் காட்டினா, எந்த ஊரு ஐசுல எத்தன நாள் தூங்கிச்சுன்னு கேளும். செவுளு செவப்பா இருக்கணும், கண்ணு பொடச்சு நிக்கணும், அமுக்கினா குழி விழக் கூடாது. பதநீர் வெயில் ஏறுமுன்ன குடிக்கணும். ஒம்ம பிள்ளைக கலர் தண்ணி பாட்டிலத் தேடுதுகளே, அதுகளுக்கு உடன்குடிச் சில்லுக்கருப்பட்டி ஒரு துண்டு கையில குடும். பிறகு போனத் தேடாதுக.

இப்பம் சொல்லுதத விளையாட்டா எடுத்துக்கிடாதீரும். பிள்ளைகளக் கடல்ல எறக்குதது நம்மாள் ஒருத்தரு கூட நின்னாத்தான். இந்த மாசங்கள்ல கள்ளக்கடல் வரும். இங்க காத்து இருக்காது, மேகம் இருக்காது. தெக்க பெருங்கடல்ல எங்கயோ அடிச்ச காத்துல எழும்பின அலை, நாள் கணக்கா ஓடி வந்து நம்ம கரையில திடீர்னு ஏறும். 2024 மே 6-ல கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில டாக்டருக்குப் படிச்ச அஞ்சு பிள்ளைகள அலை கொண்டு போயிட்டு. ஹைதராபாத்துல இருக்கிற இன்காய்ஸ் கடல் தகவல் நிலையம் எச்சரிக்கை விடும். விட்ட நாள்ல கணுக்காலக் கூட நனைக்க வேண்டாம். மத்த நாள்லயும், அலை ஒடையாம அமைதியாத் தெரியிற எடத்துலதான் உள்ளிழுப்பு இருக்கும். மாட்டிக்கிட்டா கரையப் பாத்து எதுத்து நீந்தக் கூடாது. பக்கவாட்டுல நீந்தி இழுப்பத் தாண்டித்தான் கரைக்குத் திரும்பணும். ஒருத்தன் மாட்டினா நீச்சல் தெரியாதவன் பின்னால குதிக்காம, கயிறோ காலிக் கேனோ எறியணும். சினிமாப் பாத்துட்டு மாமன்கிட்ட வீரம் காட்ட வேண்டாம்.

வீடு இப்படி ஆளும் பேருமா நெறஞ்சு கெடக்கையில வாங்குதவன வரச் சொல்லும். பூட்டின வீட்டைப் பாக்க வாரவன் விரிசல எண்ணுவான். பிள்ளைக ஓடுத வீட்டைப் பாக்க வாரவன், தன் பிள்ளைக எங்க படுக்கும்னு எண்ணுவான். வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் போற சொந்தக்காரன் பூரா ஒம்ம வீட்டுலதான் எறங்குவான். வீடு எத்தன பேரத் தாங்கும்னு வாரவன் கண்ணாலயே பாத்துக்கிடட்டும். நேரம் சாயங்காலம் நாலு மணி, கடக்காத்து வீசுத நேரம். மாசம் வைகாசிக்குள்ள. ஆனி ஆடியில வரச் சொன்னீருன்னா மேக்காத்து தேரி மணல வாரிட்டு வந்து அவன் காப்பியிலயே போடும். ஆனா, "ஆடியில எப்படி இருக்கும்?"னு அவனே கேட்டா, உள்ளதச் சொல்லிரும். வாய் தெறந்து சொன்ன ஒரு கொறையால, நீரு சொல்லுத மத்த ஒம்பதையும் அவன் நம்புவான்.

காகிதத்த வரிசையா அடுக்கும்: தாய்ப்பத்திரம், ஒங்கப்பா இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூணு பேரு பேருலயும் மாத்தின பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி, கரண்டு ரசீது. இதுல ஒண்ணு கொறஞ்சாலும் ரூபாய் கொறையும். முத்திரைக்கு 7 சதவீதமும் பதிவுக்கு 2 சதவீதமும் வாங்குதவன் பாடு. அந்தச் செலவக் கொறைக்க, "பத்திரத்துல பாதி, மஞ்சப் பையில பாதி"ன்னு காதுல ஓதுவான். வீடு விக்கிறதுல 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது. வாங்கினா வாங்கின தொகை அளவுக்கே தண்டம். மஞ்சப் பை வேட்டிக் கடைக்குத்தான் ஆகும். 50 லட்சமோ மேலயோ வெலன்னா வாங்குதவன் ஒரு சதவீதத்த வரியாப் பிடிச்சுக் கட்டணும், அதுக்குக் கோவப்படாதீரும். லாபத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23-க்கு முந்தியே கைக்கு வந்த வீடுங்கதால, விலைவாசி ஏத்தத்தக் கழிச்சு 20 சதவீதமாக் கட்டவும் வழி இருக்கு. எது கொறவுன்னு ஆடிட்டர் பாத்துச் சொல்லுவாரு. ரெண்டு வருசத்துக்குள்ள வேற வீடு வாங்கினா அந்த அளவுக்கு வரி விலக்கும் உண்டு. ஆக, ஒம்ம ஈ.சி.ஆர். கனவுக்கு அரசாங்கமே தொணை நிக்கி!

பள்ளிக்கூடம் தெறக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். அப்பமும் விக்கணும்னு தோணினா மாமன்கிட்ட வாரும். பத்திரம் நானே எழுதித் தாரேன், கூலி வேண்டாம். தோணலன்னா, வருசா வருசம் கோடைக்குக் குடும்பத்தோட வந்து சேரும். எதச் செஞ்சாலும் தங்கச்சிமாரு பங்குல ஒத்தப் பைசா கொறையக் கூடாது. கொறஞ்சா, சாட்சிக் கையெழுத்துக்கு வேற மாமனத் தேடிக்கிடும்.