பி மண்டலத்திலிருந்து ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்: இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், ஐதராபாத்.
அனுப்புநர்: ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் கண்மண் தெரியாமல் கார் ஓட்டுவோர்.

பெருமதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து கடிதம் என்றதும் கிஸ்தி கட்ட மறுக்கிறோம் என்று பதற வேண்டாம். மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டிவிட்டோம். உங்களோடு கலந்து மத்திய அரசு 2022 ஜூனில் வைத்த கணக்குப்படி, 1,000 சிசிக்கு மேல் 1,500 சிசி வரையான காருக்கு 3,416 ரூபாய். குறுக்குச்சாலை திருப்பத்தில் நின்று நிதானித்துப் போகும் வாத்தியாருக்கும் அதே தொகை. உப்பு லாரியை இடப்பக்கம் முந்தும் எங்களுக்கும் அதே தொகை. இந்தச் சமதர்மம் ரேஷன் கடையில்கூடக் கிடையாது.

சொந்தச் சேதக் காப்பீட்டில் உங்கள் தயவு இன்னும் பெரிது. பழைய டேரிஃப் வகுத்தபடி சென்னை, மும்பை உள்ளிட்ட எட்டு நகரங்கள் ஏ மண்டலம். மற்றதெல்லாம் மலிவான பி. அதுவும் ஓடுகிற ஊரைப் பார்ப்பதில்லை, பதிந்த ஊரைத்தான். தூத்துக்குடியில் பதிந்த கார் அண்ணா சாலையில் இடிபட்டாலும் பி. சென்னையில் பதிந்த கார் இங்கே வேப்பமரத்தடியில் சும்மா நின்றாலும் ஏ.

கரிசல் மழையில் உப்பி, கோடையில் பாளம்பாளமாக வெடித்து, மேலே கிடக்கிற தாரையும் சேர்த்து உடைக்கும். அறுப்பு முடிந்தால் கம்பும் உளுந்தும் பாதி ரோட்டில் காயும். இதற்கெல்லாம் பாலிசிப் படிவத்தில் கட்டம் இல்லை. இருக்கவும் வேண்டாம்.

முக்கியமான விஷயம் ஆடு. எங்கள் காரில் அடிபடுகிற ஆடு கிடாயாக இருந்தாலொழிய சினையாகத்தான் இருக்கும். பிறக்காத ரெண்டு குட்டி, அவை போடவிருந்த குட்டிகள் எல்லாவற்றுக்கும் டீக்கடை பெஞ்சில் விலை பேசி, ரொக்கமாகக் கொடுத்துவிடுவோம். உடைந்த ஹெட்லைட்டையும் கோவில்பட்டியில் கைக்காசு போட்டு மாற்றிவிடுவோம். கிளெய்ம் கேட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடுமே! முதல் வருஷம் 20 சதவீதம், ஐந்தாம் வருஷம் 50. எங்களில் மந்தைக்கே எமனாக இருக்கிற ஒருவர் உங்கள் ஏட்டில் இன்று பாதிக் கழிவு பெறும் உத்தமர்.

ஆகவே ஒரே வேண்டுகோள். 2021 ஜனவரியில் உங்கள் பணிக்குழு போக்குவரத்துக் குற்றங்களுக்குப் புள்ளி போட்டு (குடித்துவிட்டு ஓட்டினால் 100, கண்ட இடத்தில் நிறுத்தினால் 10) அதைப் பிரீமியத்தில் சேர்க்கலாம், டெல்லியில் சோதித்துப் பார்க்கலாம் என்றது. டெல்லிக்காரர்களுக்கு எங்கள் வாழ்த்துகள். தப்பித்தவறி அது இந்தப் பக்கம் வந்தால், போலீஸ் பார்த்ததற்கு மட்டுமே புள்ளி, ஆட்டுக்காரர் பார்த்தது செல்லாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் உத்தமர்கள்