புறம்போக்குக் கணக்கு

கௌரவர் தலைநகரின் பெயரைச் சூட்டிக்கொண்ட ஊரில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். அஸ்தினாபுரம் என்றால் யானை நகரம் என்று பொருள். வந்து பதினைந்து வருஷமாகிறது. ஒரு யானையும் கண்ணில் படவில்லை. தெருநாய், எருமை, தண்ணீர் லாரி, இவைதான். ஆனால் கணக்கு விஷயத்தில் மட்டும் பழைய ஊருக்கும் புதிய ஊருக்கும் பத்துக்கு ஒன்பது பொருத்தம்.

பழைய அஸ்தினாபுரத்தில் ராஜாவுக்குக் கண் தெரியாது. ராணிக்குத் தெரியும், துணியால் கட்டிக்கொண்டார். நிறுவனத்தின் தலைவரும் அவர் சம்சாரமும் இந்த நிலையில் இருந்தால் நிர்வாகம் எப்படி இருக்கும்? குருக்ஷேத்திரத்தில் என்ன நடந்தது என்பதைச் சஞ்சயன் சொல்லித்தான் ராஜா தெரிந்துகொண்டார். சஞ்சயன் பாவம், உள்ளதை உள்ளபடியே சொன்னான்: இன்றைக்கு இத்தனை தலை, இத்தனை தேர், இத்தனை யானை. (அங்கே யானை இருந்தது.) ராஜா கேட்டார், புலம்பினார், "அப்புறம் என்ன ஆச்சு?" என்றார். போரை நிறுத்தச் சொல்லவில்லை. வழவழக் காகிதத்தில் அச்சாகி வரும் கம்பெனிகளின் சுற்றுச்சூழல் அறிக்கையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்குச் சஞ்சயன் ஞாபகம்தான் வருகிறது.

அந்தச் சபையில் ஒரே ஒருவர்தான் ஒழுங்காகத் தணிக்கை செய்தார். திரௌபதி. சூதாட்டத்தில் தர்மர் நாட்டை வைத்தார், தம்பிகளை வைத்தார், தன்னையே வைத்தார், கடைசியில் மனைவியை வைத்தார். அழைக்க வந்த ஆளிடம் திரௌபதி அழுது புலம்பவில்லை. ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்தனுப்பினார்: அவர் முதலில் தோற்றது தன்னையா, என்னையா? தன்னையே தோற்றவன் கையில் சொத்து ஏது, பந்தயம் வைக்க? மூவாயிரம் வருஷமாக எந்த ஆடிட்டரும் இதைவிடக் கூர்மையாக ஒரு ஆட்சேபம் எழுதியதில்லை. சபையின் மூத்த தணிக்கையாளர் பீஷ்மர் தாடியைத் தடவிக்கொண்டு, தர்மம் மிக நுட்பமானது, திட்டமாகச் சொல்ல முடியவில்லை என்றார். "குறிப்புகளுக்கு உட்பட்டது" என்று இன்றும் அடியில் சின்ன எழுத்தில் போடுகிறார்களே, அதன் மூலப்பிரதி இதுதான். விகர்ணன் என்ற பையன் ஒருவன் எழுந்து, அண்ணி கேட்பது நியாயம் என்றான். கர்ணன் அவனை உட்கார வைத்துவிட்டான். மாற்றுக் கருத்து பதிவு செய்யப்பட்டது, தீர்மானம் நிறைவேறியது.

இதெல்லாம் வடக்கத்திக்காரர் சமாசாரம், நம்மாட்கள் இப்படி இல்லை என்பவர்கள் செங்கல்பட்டு வரை போய்த் தென்மேற்கே திரும்பி, உத்திரமேரூரில் இறங்கிக்கொள்ளலாம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 என்று அடுத்தடுத்து. குடவோலை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது. ஓலையைக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள் என்பதோடு வாத்தியார் நிறுத்திவிட்டார். சுவாரசியமே அதற்கு அப்புறம்தான். ஒருமுறை வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி தேர்தலில் நிற்க முடியாது. அவன் மட்டுமா? சின்னம்மா பிள்ளை, பெரியம்மா பிள்ளை, மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், அப்பா, மகன் என்று கல்யாணப் பத்திரிகையில் போடுவதுபோல அவன் சொந்தக்காரர் பட்டியல் முழுதும் கல்லில் இருக்கிறது. அத்தனை பேருக்கும் தடை. இன்றைக்கு இதை அமல்படுத்தினால் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடத்த வேட்பாளர் கிடைக்கமாட்டார்.

வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரிக்கென்று தனிக் குழு, ஒரு வருஷப் பதவி. இன்னொரு கல்வெட்டு இன்னும் சூடானது: வருஷக் கடைசியில் கணக்கை ஒப்படைக்கும் கணக்கன் பழுக்கக் காய்ச்சிய மழுவைக் கையில் ஏந்த வேண்டும். கை சுடாவிட்டால் போனஸாகக் கொஞ்சம் பொன், சுட்டால் அபராதம். கணக்கு சரியாக இருந்தால் இரும்பு சுடாது என்பது அன்றைய தணிக்கை நெறிமுறை. பட்டயக் கணக்காளர் படிப்பில் இன்று பத்துக்கு ஒருவர் தேறினால் பெரிது என்கிறார்கள். அன்று தேர்ச்சி விகிதம் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், உள்ளங்கை அரித்தது.

ரொம்பவும் மெச்சிவிடவும் வேண்டாம். வாரியத்துக்குப் போட்டியிட சொந்த மனையில் வீடு வேண்டும், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள். வாடகை வீட்டுக்காரனான நான் முதல் சுற்றிலேயே வெளியே. பெண்கள், நிலமில்லாதவர்கள், சேரிக்காரர்கள் குடத்துப் பக்கமே வர முடியாது. ஏரித் தண்ணீர் எல்லாருக்கும், ஏரிக் கணக்கு சிலருக்கு.

அதற்கப்புறம் எண்ணூறு தொள்ளாயிரம் வருஷத்தை ஒரே தாவாகத் தாண்டி வெள்ளைக்காரக் கலெக்டரிடம் வருவோம். 1790களில் இந்தச் செங்கல்பட்டுச் சீமையை ஆண்டவர் லயனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரிக்கரை மழைக்கு மழை உடைந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செலவு வைத்தது. கோயில்காரர்கள் வந்து தாயார் சந்நிதிக்குப் பணம் கேட்டார்கள். "உங்கள் சாமி இந்த வருஷம் கரையைக் காப்பாற்றட்டும், கட்டித் தருகிறேன்" என்றாராம் துரை. அந்த வருஷம் அடைமழை. நடுராத்திரி குடையோடு கரைக்குப் போனால், வில்லும் கையுமாக இரண்டு பேர் காவல் நிற்கிறார்கள். ராமனும் லட்சுமணனும். துரை மண்டியிட்டார், கரை நின்றது, சந்நிதி எழுந்தது, சாமிக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர் நிலைத்தது. ராமாயணத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள்: பராமரிப்புச் செலவைத் தெய்வத்தின் தலையில் கட்டிவிட்டு, வேலை முடிந்த பிறகு காசு கொடுத்த முதல் ஒப்பந்தம் அது. ஒப்பந்தக்காரரும் நல்லவர், முன்பணம் கேட்கவில்லை.

துரைமார் காலத்து வருவாய்க் கணக்கில் நன்றாக வேரூன்றிய சொல் ஒன்று உண்டு. யாரையாவது திட்ட வேண்டுமானால் நாம் இன்றும் எடுத்துப் போடுகிறோம்: புறம்போக்கு. ஏரி, குளம், வாய்க்கால், மேய்ச்சல் நிலம், சுடுகாடு. ஊருக்குப் பொது, ஆகவே வரி கிடையாது, ஆகவே தீர்வைக் கட்டத்தில் ஒரு கோடு. மரியாதையான ஏற்பாடுதான். ராஜராஜன் காலத்திலேயே குளத்துக்கும் சுடுகாட்டுக்கும் வரி இல்லை. கோளாறு எங்கே நுழைந்தது என்றால், "வரி இல்லை" என்ற கோட்டைப் பின்னால் வந்தவர்கள் "விலை இல்லை" என்று வாசித்தார்கள். அதற்கும் பின்னால் வந்தவர்கள் "கேட்க ஆளில்லை" என்று வாசித்தார்கள். பல்லாவரம் பெரிய ஏரியின் நடுவே இருநூறடிச் சாலை போவதும், பள்ளிக்கரணைச் சதுப்பு கவர்மெண்டுக் காகிதத்தில் வெறும் தரிசாகக் கிடந்து நகரத்தின் குப்பையை வாங்கிக்கொண்டதும் இந்த ஒரு கோட்டின் வாசிப்புப் பிழைதான்.

இப்போது எங்கள் ஊரை ஒட்டிய குரோம்பேட்டை. பேட்டைக்கு யாராவது ரசாயனத்தின் பெயர் வைப்பார்களா? வைத்தார்கள். ஆல்பிரட் சாட்டர்டன் என்று கவர்மெண்டு வேலையில் ஒரு பொறியியல் துரை. அலுமினியப் பாத்திரத்தை மதராசுக்குப் பழக்கிய புண்ணியவான். 1903 வாக்கில் குரோம் உப்பில் தோல் பதனிட்டுப் பார்த்தார். ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறிய தோல் இதில் நாள்கணக்கில் தயார். எதற்காகச் செய்தார் தெரியுமா? கிணற்றிலிருந்து மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலைக்கு, தண்ணீரில் அழுகாத தோல் பை வேண்டும் என்று. விவசாயியின் கிணற்றுக்கு உதவி செய்யத்தான் அந்தத் தோல் பிறந்தது. கவலை தீர்க்க வந்தது எப்படிக் கவலையாயிற்று என்பது மிச்சக் கதை.

கவர்மெண்டே தொழில் நடத்துவதா என்று வெள்ளைக்கார வியாபாரிகள் முணுமுணுக்க, 1910இல் லண்டனிலிருந்து இந்திய விவகாரச் செயலர் மார்லி பிரபு கூடாது என்று எழுதிவிட்டார். தனியார் வந்தார்கள். சேம்பர்ஸ் என்ற துரை பல்லாவரத்தை ஒட்டி 1912 வாக்கில் குரோம் லெதர் கம்பெனியை நிறுவ, ஊருக்குப் பெயர் கிடைத்தது. கம்பெனி போய்விட்டது, பெயர் ரயில்வே ஸ்டேஷன் போர்டில் மும்மொழியில் இருக்கிறது. பிறகு பல்லாவரம், நாகல்கேணிப் பக்கம் தொழில் பெருகிற்று, மேற்கே பாலாற்றங்கரை முழுக்கப் பரவிற்று.

ஒரு தோல் தொழிற்சாலையின் பேரேட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பச்சைத் தோல், இவ்வளவு. சுண்ணாம்பு, உப்பு, குரோம், இவ்வளவு. கூலி, கூசாமல் குறைவாக, இவ்வளவு. கட்டடத்துக்குத் தேய்மானம், இயந்திரத்துக்குத் தேய்மானம், முதலாளியின் காருக்கும் தேய்மானம். தண்ணீர்? பூமிக்கு அடியிலிருந்து வந்தது, இனாம். கழிவு? பள்ளம் பார்த்துப் போனது, இனாம். ஏரிக்குத் தேய்மானம் எழுதிய குமாஸ்தா ஒருவரும் இல்லை. கணக்கில் ஒரு பைசா பொய் கிடையாது என்பதுதான் இதில் வேடிக்கை. பழுக்கக் காய்ச்சிய மழுவைத் தாராளமாகக் கொடுக்கலாம், அந்தக் குமாஸ்தாவின் கை சுடாது.

1991இல் வேலூர்க்காரர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. விடுபட்ட கணக்கெல்லாம் அந்தத் தீர்ப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது: ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர், குரோம் முறையில் 170 வகை ரசாயனம், முழுதாகவோ பாதியாகவோ பாழாகிப்போன 35,000 ஹெக்டேர் விளைநிலம், திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனவை. அசுத்தம் செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது நாட்டின் சட்டம் என்று நீதிமன்றம் எழுதிற்று. சட்டக் கல்லூரிகளில் இதைப் பாடமாக நடத்துகிறார்கள். எங்கள் பகுதிக்கும் பெருமையில் பங்குண்டு. ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று ஐந்து மாவட்டங்களைச் சொன்ன இடத்தில் அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் இருக்கிறது.

பத்தாயிரம் ரூபாய்! அந்த வருஷம் ஒரு கலர் டிவி வாங்கியிருக்கலாம்.

இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. 2001இல் வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்கு 26.82 கோடி என்று சொல்லிற்று. கால்குலேட்டரைத் தட்டினால் தலைக்கு 9,187 ரூபாய். கிணறு, நிலம், தென்னை, இத்யாதி எல்லாம் சேர்த்து. இதுவும் எல்லாருக்கும் போய்ச் சேராமல் இழுத்து, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பாக்கியை ஆறு வாரத்துக்குள் கொடு, பிறகு அசுத்தம் செய்தவரிடம் வசூல் பண்ணிக்கொள் என்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. 1991இல் கிணறு கெட்டதென்று வழக்குப் போனபோது தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு 2025இல் முன்வழுக்கை விழுந்திருக்கும். காந்தி கணக்கு என்று கடைத்தெருவில் கிண்டலாகச் சொல்வோமே, அதற்காவது நோட்டில் ஒரு பக்கம் உண்டு.

பெரிய கம்பெனிகள் இதைவிட நயமாக எழுதும். போபாலில் விஷவாயுவுக்கு ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1989இல் 47 கோடி டாலருக்குச் சமரசம். யூனியன் கார்பைடின் ஆண்டறிக்கையில் இது பங்கு ஒன்றுக்கு 43 சென்ட் செலவு என்று வந்தது, அதுவும் கம்பெனியின் மிகச் சிறந்த லாப வருஷம் என்ற வாக்கியத்துக்குள்ளேயே. சித்திரகுப்தன் படித்திருந்தால் எழுத்தாணியைக் கீழே வைத்திருப்பான்.

நல்லபடியாக முயன்றவர்களும் உண்டு. டாடாவின் உருக்குக் கம்பெனி 1979இலேயே தன்னைச் சமூகத் தணிக்கைக்கு உட்படுத்திக்கொண்டது. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் கூலித் தொழிலாளிகள் கூடி உட்கார்ந்து, வேலைக்கு வந்தவர் பட்டியலை உரக்க வாசிக்கச் சொன்னார்கள். இப்படி அடுத்தடுத்து நடந்த கூட்டங்களில் செத்துப்போனவர்களும் மண் சுமந்து கூலி வாங்கியது தெரியவந்தது. உத்திரமேரூருக்கு அப்புறம் கணக்கு வாசித்தலுக்கு இத்தனை கூட்டம் சேர்ந்தது அங்கேதான்.

அப்புறம் சட்டம் வந்தது. 2014 ஏப்ரல் முதல், லாபம் 5 கோடியையோ விற்றுமுதல் 1,000 கோடியையோ நிகர மதிப்பு 500 கோடியையோ தொட்ட கம்பெனிகள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். செடி நட்டார்கள். செடியைவிடப் பெரிய போர்டும் நட்டார்கள். போர்டு நன்றாக வளர்ந்திருக்கிறது. மிச்சம் 98 சதவீதம் எப்படிச் சம்பாதித்தாய் என்று அந்தச் சட்டப் பிரிவு கேட்பதில்லை. அதைக் கேட்கத்தான் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, சந்தையின் முதல் ஆயிரம் கம்பெனிகள் எவ்வளவு தண்ணீர் எடுத்தாய், எவ்வளவு கழிவு விட்டாய் என்று 2022-23 முதல் வருஷாவருஷம் எழுதித் தர வேண்டும் என்றது. உருப்படியான காரியம். ஒன்றே ஒன்று: தோல் ஊறவைக்கிற, துணிக்குச் சாயம் போடுகிற ஆயிரக்கணக்கான சின்ன ஆலைகள் பங்குச் சந்தைப் பக்கமே போனதில்லை. அந்த ஆயிரத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் மறுபடி புறம்போக்கு.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. குளித்தால் தலை தேங்காய் நாராகும், ஹீட்டர் காயில் வருஷத்துக்கு ஒன்று. இன்னார்தான் என்று விரல் நீட்ட எனக்கு ஆதாரமில்லை; கடல் முதல் காலனி வரை ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். குடிக்க, சமைக்கக் கேன் தண்ணீர், நாற்பது ரூபாய். யாரோ எங்கோ எழுதாமல் விட்ட செலவு, அடுப்படிச் சுவரின் மாதக் காலண்டரில் கட்டத்துக்கு ஒரு கோடாக ஏறிக்கொண்டிருக்கிறது.

போன மாசக் கடைசியில் கேன் போடும் பையன் வந்து நின்றான்.

"பதினாலு கேன், அண்ணே."

காலண்டரை எண்ணினேன். "பதிமூணுதானே தம்பி இருக்கு?"

"பதினாலுதாங்க," என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "ஞாயித்துக்கெழம உங்க தங்கச்சி குடும்பத்தோட வந்தப்ப அவசரத்துக்கு ஒண்ணு வாங்கினோம். கோடு போட மறந்துட்டீங்க."

பையன் சிரித்துக்கொண்டே நின்றான். ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்தவள், என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் கோட்டைப் போட்டுவிட்டுப் போனாள்.