பட்டா இல்லாத அரை ஏக்கர்

ஏன்டா கண்ணு, தீபாவளிக்கு வந்தப்ப வேப்பந்தழை ஒரு மூட்டை அள்ளிட்டுப் போனே. பொங்கலுக்கு வாழப்பட்டை. இப்ப நோம்பிக்கு வந்து வேலாங்காயப் பொறுக்கறே. ஆட்டுக்கு ஏதாச்சும் மிச்சம் வெப்பியா?

இதையெல்லாம் சுட்டுக் கரியாக்கி, சூப்பர் கெப்பாசிட்டர்ல கரண்டைச் சேத்து வெக்கறதுதான் உன்ற டாக்டர் படிப்பாமே. ஒரு கிராம் கரிக்குள்ள 2,000 சதுர மீட்டர் பரப்பு இருக்குதுன்னு சொன்னே. கணக்குப் போட்டுப் பாத்தேன், அரை ஏக்கருக்குக் கொஞ்சந்தான் கொறச்சல். உங்க பெரியப்பனுங்க வரப்புக்காகக் கோர்ட்டுக்கு நடக்கறானுங்க. ஆளுக்கு ஒரு கிராம் குடுத்தனுப்பு, கேசு முடிஞ்சுது. பட்டா யாரு தருவான்னு மட்டும் கேட்டுச் சொல்லு.

பரப்பு நெசந்தான், ஒத்துக்கறேன். கண்ணுக்குத் தெரியாத துளைச் செவுத்துல அயனி ஒட்டும், கேட்டவுடனே விட்டுரும். அதனால நொடியில சார்ஜ் ஏறுது, லச்சம் தடவை ஏத்தி எறக்கினாலும் அசராது. ஆனா கிலோவுக்குக் கிலோ வெச்சா லித்தியம் பேட்டரிக்கு முன்னால அது சுண்டக்கா. பஸ்சு பிரேக் போடறப்பப் புடிச்சு, கெளம்பறப்பக் குடுக்க லாயக்கு.

சரி, கடையில விக்கிற சூப்பர் கெப்பாசிட்டருக்குள்ள பெரும்பாலும் இருக்கறது எந்தக் கரி? தேங்காத் தொட்டிக்கரி. காங்கயத்துக் களத்துல பருப்பெடுத்துட்டு லாரியில ஏத்தறானுங்களே, அந்தத் தொட்டிதான். கெட்டியான சாமான், சாம்பல் கொறச்சல், லோடு லோடாக் கெடைக்கும். உன்ற தழையச் சுட்டா சாம்பல்தான் முன்னால வந்து நிக்கும். நூறு கிலோ தொட்டியச் சுட்டா முப்பது கிலோ கரி. அதை 900 டிகிரியில நீராவி விட்டுத் துளை போட்டா பத்துக் கிலோ மிஞ்சும். யேவாரி இந்தக் கணக்கத்தான் கேப்பான், உன்ற தழை பேரையா கேப்பான்?

நீ நீராவிக்கும் போகலை. ஒரு பங்கு கரிக்கு மூணு பங்கு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டு வேக வெக்கறே. பொறவு ஆசிட்டுல கழுவி, காரம் போற வரைக்கும் தண்ணி தண்ணியா ஊத்தறே. கடைசியில ரெண்டு மில்லிகிராம் தடவி அளந்துட்டு கிராமுக்கு முன்னூறு ஃபேரட்டுன்னு மீசைய முறுக்கறே. மெல்லிசாத் தடவுனா கிராம் கணக்கு ஏறத்தான் செய்யும், முழுச் சாமானுக்கு அது நெலைக்காதுன்னு 2011-லயே கோகோட்சி, சிமோன்னு ரெண்டு பேரு எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டினதே நீதானே சாமி!

கரி சுட்டுத் தண்ணியூத்தி அணைச்சதுல கெணறு கெட்டுப்போச்சுன்னு சனங்க ரோட்டுல உக்காந்த சீமை இது. அதனால அடுத்த மூட்டை தழைக்கு என்ற காட்டுப் பக்கம் வராதே. ஒரு கிலோ கரி கழுவ எத்தனை லிட்டர் தண்ணி போச்சுன்னு மொதல்ல எழுது. ஃபேரட்டை அதுக்குக் கீழ எழுதிக்கலாம்.