கூடாக் குதிரை

வா தம்பி, உக்காரு. மூஞ்சி ஏன் மழைநாள் பெரட்டு மாதிரி இருக்கு? ரெண்டு தேத்தண்ணி சொல்லியிருக்கேன், குடிச்சுக்கிட்டே அழலாம்.

விசயம் எனக்கு வந்திருச்சு. கரங்கான்ல காலையில ஒருத்தன் தும்மினா மத்தியானத்துக்குள்ள செர்டாங்ல மருந்து சொல்வாங்க. பழைய பெட்டியில கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு வாங்கிச் சொருகி, செயற்கை நுண்ணறிவ வீட்டுலயே கட்டிப்போட்டு வேலை வாங்கலாம்னு நெனச்சே. மூணு நாளா அது உன்ன வேலை வாங்குது. நல்லதுதான். உங்கம்மா சொல்லி நீ இவ்வளவு நேரம் ஒரு எடத்துல உக்காந்ததில்ல.

அந்த மென்பொருள் பேரு என்ன சொன்னே? கூடாவா? பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கிட்ட சொல்லியிருந்தா குதிரைன்னு சொல்லியிருப்பாரு. வள்ளுவரு 'கூடா நட்பு'ன்னு தனி அதிகாரமே போட்டிருக்காரு. ரெண்டு பேர்ல ஒருத்தரையாவது கேட்டுட்டுப் போயிருக்கலாம்.

எனக்கு என்ன தெரியும், பால்மரம் வெட்டின கெழவன். பேத்தி கூலிம்ல படிக்குது, அது சத்தமாப் படிக்கும்போது காதுல விழுந்ததுதான். பெட்டியோட மூளை ஒரு கெட்டிக்கார கிராணி மாதிரியாம். எந்தக் கணக்கையும் போடும், ஆனா ஒண்ணொண்ணாத்தான் போடும். கார்டுக்குள்ள இருக்கறது பெரட்டுல நிக்கிற முந்நூறு பேரு. ஆளுக்கொரு நெரை, எல்லாருக்கும் ஒரே வேலை, ஒரே நேரத்துல. படம் காட்டப் பொறந்த கூட்டத்த வேற கணக்குக்கும் மேய்க்கலாம்னு 2006ல என்விடியாக்காரன் கொண்டுவந்த விசில்தான் இந்தக் கூடா. ஆனா அவன் விசிலுக்கு அவன் ஆளுதான் திரும்புவான். ஏஎம்டி ரேடியான் வாங்கியிருந்தீன்னா விசில் ஊதி ஊதி உன் கன்னம்தான் வீங்கியிருக்கும். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவா ஓப்பன்சிஎல்னு ஒண்ணு 2009லயே வந்துச்சு. உனக்கு வேண்டிய புரோகிராம்காரன் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கலையே, என்ன செய்ய?

சரி, நீ என்விடியாவத்தான் வாங்கினே. அந்த மட்டும் தப்பிச்சே. என்ன பேரு? ஜிடி 730. மெமரிப் பாதை எவ்வளவு அகலம்? 128 பிட். கடையில 64 பிட்டும் இருந்துச்சு, விலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா 128 பெருசாச்சேன்னு இத எடுத்தே. கணக்குல நீ புலி தம்பி. அந்த 64தான் கெப்ளர் வம்சம், உள்ள 384 பேரு. நீ தூக்கிட்டு வந்தது ஃபெர்மி வம்சம், 96 பேரு. பேரு ஒண்ணு, அட்டைப்பெட்டி ஒண்ணு, ஆத்தா வேற. ரெண்டையும் 2014ல ஒரே பேரு வச்சு வித்தான் பாரு, அவன்தான் வியாபாரி.

எஸ்டேட்ல ஒவ்வொரு காட்டு முனையிலயும் பலகை நட்டிருக்குமே, படிச்சிருக்கியா? எந்த வருசம் நட்டது, என்ன ஒட்டு, எல்லாம் அதுல இருக்கும். ஆர்ஆர்ஐஎம் 600னு பலகையில பாத்தாலே வெட்டுக்காரனுக்கு மரத்தோட குணம் பாதி தெரிஞ்சிடும். மரத்துக்கே பலகை பாத்தோம். உன் கார்டுக்கும் அப்படி ஒரு நம்பர் இருக்கு, கம்ப்யூட் கேப்பபிலிட்டின்னு. அந்த 64க்கு 3.5, உன்னுதுக்கு 2.1. கடைக்காரன் அட்டையில அத எழுதமாட்டான். பொண்ணு பாக்கப் போன எடத்துல தரகன் வயசச் சொல்வானா? என்விடியா அந்தப் பட்டியல ஊரறியப் போட்டு வச்சிருக்கு. நாமதான் பாக்கணும்.

அந்த நம்பருக்கு ஏன் இவ்வளவு மவுசு? மறுநடவு கேள்விப்பட்டிருப்பியே. மரத்துல பால் இருக்கும். கம்பெனிக் கணக்குல இருபத்தஞ்சு, முப்பது வருசம் ஆச்சுன்னா வாள் வந்திரும், அப்புறம் செம்பனை. இவனுங்களும் அதேதான், ஆனா முப்பது வருசமெல்லாம் பொறுக்கமாட்டானுங்க. உன் ஃபெர்மிக்குக் கூடா 8தான் கடைசி. 2017ல வந்த 9 அத வெட்டிச் சாச்சிருச்சு. 2022ல வந்த 12 கெப்ளர முழுசா முடிச்சுது. 2025ல 13 வந்துச்சு, மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா மூணு காடும் ஒரே நாள்ல காலி. மரம் சாகல தம்பி, பேர்ல கோடு கிழிச்சிட்டான், அவ்வளவுதான். பழைய புரோகிராமும் கூடா 8ம் தேடிப் போட்டா இன்னைக்கும் உன் கார்டு கொஞ்சம் பால் சொட்டும். நீதான் நேத்து வந்ததுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிற.

கார்டப் பத்தி இவ்வளவு பேசிட்டோம், பெட்டி பாவம் ஓரமா நிக்குது. அது கோர் 2 டுவோதானே? இன்டெல்காரன் 2011ல ஏவிஎக்ஸ்னு புதுக் கட்டளைக்கூட்டம் ஒண்ணு சேத்தான். செயற்கை நுண்ணறிவுக்கு டென்சர்ஃப்ளோன்னு ஒரு மென்பொருள் இருக்கு, 2018ல வந்த 1.6ல இருந்து ஆயத்தமா இறக்குறது ஏவிஎக்ஸ் இல்லாத மூளையில ஏறவே ஏறாது. உன் பெட்டி அதுக்கு முந்தின காலத்துது. குதிரையே நல்ல குதிரையா இருந்தாலும் லாயத்து வாசல் குட்டை. விண்டோஸ் வேற 32 பிட்டு, அதுவும் பத்தாது. இன்னொண்ணு, அந்தச் சொருகுற பள்ளம் 75 வாட்டுதான் ஊட்டும். அதுக்கு மேல தின்னுற கார்டுக்குத் தனி வயர் வேணும். ஆபீஸ்ல கழிச்சுக் கட்டின பெட்டியில அந்த வயரத் தேடுறது, சம்பளத்துக்கு மறுநாள் தண்டல் வீட்டுல கடன் கேக்குற மாதிரி.

நம்பரும் பேரும் முழுசாப் படிக்காம ஓடுறதுல நீ ஒருத்தன் இல்ல. 2023 டிசம்பர்ல ஒய்டிஎல்லும் என்விடியாவும் பெரிய கணினிக் கூடம் கட்டப்போறதாச் செய்தி வந்துச்சா, உங்க பெரியப்பா கூலிம்னு படிச்சிட்டு, 1996ல அங்க ஹைடெக் பார்க் தொறந்தப்பவே சொன்னேன்னு ஊரெல்லாம் சொன்னாரு. அது ஜொகூர்ல இருக்கிற கூலாய்.

இனிமே வாங்கினா தலைகீழா வாங்கு. மொதல்ல புரோகிராம் எந்தக் கூடா கேக்குதுன்னு பாரு, பொறவு அந்தக் கூடா எந்த நம்பர ஏத்துக்கும்னு பாரு, பொறவு பெட்டி, கடைசியா கடை. அதுவரைக்கும் கூகுள் கோலேப்ல எரவல் குதிரை இருக்கு, காசில்லாம கொஞ்ச நேரம் ஏறலாம். உனக்கு இந்த ஆசை ஒரு மாசம் தாங்குதான்னு அதுல தெரிஞ்சிடும்.

அப்புறம்... உன் கார்டுல எச்டிஎம்ஐ ஓட்டை இருக்குன்னு பேத்தி சொல்லுச்சு. என் பழைய பெட்டிய டிவியில மாட்டி சிவாஜி படம் பாக்க அந்த ஓட்டை ஒண்ணுதான் கொறச்சல். கூடா ஓடாட்டி என்ன, சினிமா ஓடும். 20 வெள்ளி தாறேன். தேத்தண்ணி காசு நீ குடுத்திரு.