இன்னும் நூற்று முப்பது மீட்டர்

ஞாயிறு விடியற்காலை நாலரை மணிக்குப் பெசன்ட் நகரில் விழித்திருப்பவர்கள் பால் வண்டிக்காரர், தெருநாய்கள், இவர். பால் வண்டிக்காரர் விழித்திருப்பது பிழைப்புக்காக. நாய்கள் விழித்திருப்பது இவருக்காக.

வயது நாற்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே. உட்கார்ந்து பார்க்கிற உத்தியோகம். பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களில் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து கைதட்டியதோடு சரி. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் நடக்கத்தான் சொன்னார், பாவம். எலியட்ஸ் கடற்கரைக்கு நடக்கப் போனவர் அங்கே ஒரே நிற டீ-ஷர்ட்டில் சிரித்துக்கொண்டு ஓடிய ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டார். ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று ஆரம்பித்து, சில மாதங்களில் நிற்காமல் ஐந்து கிலோமீட்டர். வீட்டின் நிம்மதி அன்றோடு போயிற்று.

முதலில் ஷூ வந்தது. அடுத்து கடிகாரம். மணி பார்ப்பதைத் தவிர எல்லாவற்றுக்கும் அது பயன்படுகிறது. ராத்திரி நன்றாகத் தூங்கினோமா என்பதைக்கூட இவர் காலையில் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். தூக்கம் போதவில்லை என்று அது சொல்லிவிட்டால், அதுவரை சுறுசுறுப்பாக இருந்த மனிதர் கொட்டாவி விட ஆரம்பித்துவிடுவார்.

ஓடிவிட்டு வீட்டு வாசலுக்கு வருகிறார். கடிகாரம் 9.87 கிலோமீட்டர் என்கிறது. இந்த எண்ணோடு ஒரு மனிதன் வீட்டுக்குள் போக முடியுமா? கேட்டுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவே முன்னும் பின்னும் ஓடுகிறார். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கிறார், மூடுகிறார், மறுபடி திறக்கிறார். சாவியைத் தொலைத்துவிட்டாரோ என்று இரண்டாவது மாடி மாமி பால்கனியிலிருந்து டார்ச் அடிக்கிறார். பத்து ஆனதும்தான் இவர் மூச்சே விடுகிறார். அடுத்த நிமிடம் அது ஓட்டக்காரர்களின் செயலியான ஸ்ட்ராவாவில் ஏறுகிறது. ஸ்ட்ராவாவில் ஏறாத ஓட்டம் ஓடாத ஓட்டம்.

இதே மனிதரிடம், தெருமுனைக் கடையில் கொத்தமல்லி வாங்கி வரச் சொல்லுங்கள். ஸ்கூட்டர் சாவியைத் தேடுவார். கேட்டால், "இன்னிக்கு ரெஸ்ட் டே." போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது பயிற்சியைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு கொடுக்கும் முறை ஒன்று உண்டு, டேப்பரிங் என்பார்கள். நல்ல முறைதான். ஆனால் கேஸ் சிலிண்டரை நகர்த்துவதும் அதற்குள் அடங்கும் என்று கண்டுபிடித்தவர் இவர்.

கல்யாணப் பந்தியில் இவர் பக்கத்தில் உட்காராதீர்கள். மாரத்தான் தூரம் ஏன் 42 கிலோமீட்டரோடு நிற்காமல் 195 மீட்டர் தனியாக நீள்கிறது என்று ஆரம்பிப்பார். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி, ஸ்டேடியத்தில் ராஜ குடும்பத்தின் இருக்கைக்கு முன்னால் முடிந்த தூரம் அது. 1921இல் அதையே நிரந்தரமாக்கினார்கள். இலையில் ரசம் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைக் கேட்டாக வேண்டும். பாயசம் வருவதற்குள் கென்ய ஓட்டக்காரர் கிப்சோகே வந்துவிடுவார். 2019இல் வியன்னாவில் அவர் முழு தூரத்தையும் 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடி முடித்தார். அந்த நேரத்தில் நம்மவர் பாதி தூரம்கூடத் தொட்டிருக்க மாட்டார். ஆனால் இருவர் காலிலும் ஒரே கம்பெனி ஷூ.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பழகுவதென்றால் செப்டம்பர் புழுக்கத்தில் தொடங்கி, ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீரைத் தாண்டி, மார்கழிக் கோலங்களை மிதிக்காமல் குதித்துக் குதித்துப் போய் முடிக்க வேண்டும். இந்த ஊர் ஈரக்காற்றில் வியர்வை காயவே காயாது. அத்தனையும் தாண்டி வாராவாரம் எழுந்து போகிறார். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம்தான் நெடுந்தூரத்துக்கு அடித்தளம் என்பது பயிற்சியின் பாலபாடம். இவருக்கு மிகவும் பிடித்த பாடமும் அதுதான். ஓடி முடித்து, சூரியன் கடலுக்கு மேல் வந்த பிறகு, உப்புப் பூத்த முகங்களோடு பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஃபில்டர் காபி குடிக்கிறார்கள். யார் என்ன உத்தியோகம் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். ஆபீசில் இவர் உழைப்பை யாரோ எடைபோடுகிறார்கள். இங்கே போன வருஷத்து இவரோடு இவரே மோதிக்கொள்கிறார். அந்தச் சந்தோஷத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன்.

அந்தக் கடிகாரத்தைத்தான் கிண்டல் செய்வேன். ஆரோவில் மாரத்தானில் நேரக்கணக்கும் கிடையாது, பரிசும் கிடையாது. செம்மண் பாதையில் மகிழ்ச்சிக்காக ஓட வேண்டும். போய்வந்த நம்மவர் அந்தத் தத்துவத்தை வாயாரப் புகழ்ந்துவிட்டு, போன தடவையைவிட ஏழு நிமிடம் குறைவு என்றும் சேர்த்துச் சொன்னார்.

போட்டியன்று முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் உடம்பில் சேமித்த மாவுச்சத்து தீர்ந்துபோகிறது. சுவரில் முட்டியதுபோல நிற்கிறார். இனி ஷூவையே தொடுவதில்லை என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்கிறார். எல்லைக்கோட்டைத் தாண்டி மெடல் கழுத்தில் விழுந்ததும் அடுத்த போட்டிக்குப் பதிவு தொடங்கிவிட்டதா என்று விசாரிக்கிறார். மறுநாள் மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பிக் கைப்பிடியைப் பிடித்து இறங்குகிறார். தொடைத் தசைக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வலி.

மெடலைத் தொட்டுப் பார்த்து அம்மா கேட்கிறார்: "எத்தனாவதா வந்தேடா?"

"மூவாயிரத்துச் சொச்சம்மா."

"அதுக்கும் குடுக்கறானா?"

இவர் எல்லா வீட்டிலும் இல்லாவிட்டாலும் எல்லாக் குடியிருப்பிலும் ஒருவர் இருக்கிறார். லிஃப்டில் நொண்டிக்கொண்டு வந்தால் எத்தனாவது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். டைமிங் என்ன என்று கேளுங்கள். அதற்கு முன், உங்களுக்கு அரைமணி நேரம் வேறு வேலை இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.