ஒரு சோப்புப் பையின் தல புராணம்

ஆனி பிறந்துவிட்டால் தென்காசியில் ரிட்டையர் ஆன ஆண்களுக்கு ஒரு உத்தியோகம் தானாக வந்து சேரும். சென்னை, மதுரை, கோயம்புத்தூர் என்று திசைக்கு ஒன்றாக இருக்கிற சொந்தக்காரர்கள் போன் போட்டு, "குத்தாலத்துல தண்ணி விழுதா?" என்று கேட்பார்கள். அருவிக்கு ஐந்து கிலோமீட்டரில் வீடு இருக்கிறது என்ற தகுதி ஒன்றே போதும். வருஷம் முழுக்க நாம் இருக்கிறோமா போய்விட்டோமா என்று விசாரிக்காதவர்கள், அருவியின் உடல்நிலையைத் தினமும் விசாரிப்பார்கள். நானும் வாசல்படியில் நின்று மேற்கே பார்ப்பேன். மலையில் மேகம் இறங்கியிருந்தால், "ஐந்தருவியில அஞ்சும் விழுது, பேரருவியில கால் வைக்க இடமில்ல" என்று அடித்துவிடுவேன்.

இவ்வளவு பொறுப்பான வேலையை என் வீட்டுக்காரி 'சும்மா இருக்கிறது' என்ற கணக்கில்தான் எழுதி வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் சாரலுக்கு மைனி வந்து இறங்கினார். மைனி என்றால் என் அண்ணன் மனைவி. திசையன்விளைக்காரர். பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் டீச்சராக இருந்தவர். அவர் கொண்டுவந்த பையில் மாற்றுச் சேலையைவிட நூல்கண்டு அதிகம். வந்த அன்றைக்கே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கொழுந்தனாரே, அந்தப் போனக் கீழ வையிங்க. உங்களுக்கு நான் குரோஷா சொல்லித் தாரேன்."

"எனக்கெதுக்கு மைனி, பொம்பளப் பிள்ளைக வேல?"

"பொம்பள வேலைனா லேசுன்னுதான நெனப்பு? வாங்க, பாத்துருவோம்."

குரோஷா என்பது கொக்கி ஊசியால் நூல் பின்னுகிற வேலை. பாடத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த பொருள் சோப்புப் பை. செவ்வகமாக ஒரு துண்டு பின்ன வேண்டும். அதை மடித்து இரண்டு ஓரத்தையும் தைக்க வேண்டும். வாயில் ஒரு கயிறு கோக்க வேண்டும். அருவியில் சோப்புக்கட்டி கை நழுவிப் போகாமல் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளலாம். இதைவிட எளிய வேலை குரோஷாவில் கிடையாது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பின்னும் என்றார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை எனக்கு அன்றிலிருந்து பிடிக்காமல் போயிற்று.

ஊசி வாங்க ஃபேன்சி ஸ்டோருக்குப் போனேன். கடைப் பையன், "சேலை முந்திக்குக் குஞ்சம் கட்டுறதா சார், உல்லன் பின்னுறதா?" என்று கேட்டான். பக்கத்தில் வளையல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பினார்கள். "வீட்ல கேட்டாங்க" என்று சொல்லிவிட்டு, நுனியில் கொக்கி வைத்த 4 மில்லிமீட்டர் அலுமினிய ஊசி ஒன்றும் வெள்ளைப் பருத்தி நூல்கண்டு ஒன்றும் வாங்கிக்கொண்டு வந்தேன். உல்லன் வேண்டாம், பருத்திதான் இதற்குச் சரி என்பது மைனியின் உத்தரவு.

வேலை என்னவோ சொல்வதற்கு எளிதுதான். சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டு. நூலை ஊசி மேல் ஒரு சுற்றுச் சுற்றி, கொக்கியால் பிடித்து, இருக்கிற கண்ணி வழியாக வெளியே இழு. ஒரு சங்கிலி ஆயிற்று. இப்படி 26 சங்கிலி. பிறகு ஒற்றைப் பின்னல். சங்கிலிக்குள் ஊசியை நுழை, நூலைச் சுற்று, இழு. இப்போது ஊசியில் இரண்டு கண்ணி இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி, இரண்டுக்குள்ளும் சேர்த்து ஒரே இழுப்பு. ஒரு கண்ணி மிஞ்சும். இவ்வளவுதான் முழு வித்தையும்.

26 சங்கிலி போட்டால் பின்னல் 25தான் வருமாம். ஊசியை ஒட்டிய முதல் சங்கிலி உயரத்துக்காக விடுவது, இரண்டாவதில்தான் தொடங்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவனிடம், 26 வாங்கிக்கொண்டு 25 காட்டினால் போதும் என்று முதல்முறையாக ஒருவர் சொன்னது அன்றைக்குத்தான். எந்த ஆடிட்டர் ஒத்துக்கொள்வார்?

என் கையில் நூலும் இறுக்கம், மனசும் இறுக்கம். இடது கைச் சுண்டுவிரலில் ஒரு சுற்று, ஆள்காட்டி விரல் மேலே ஒரு தாங்கல் என்று நூல் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். நான் விட்டால்தானே ஓடும்? போட்ட சங்கிலி அவ்வளவு கெட்டி, அடுத்த வரிசைக்கு ஊசியே உள்ளே போக மறுத்தது.

"நூல என்ன, கடன்காரன் கையையா பிடிச்சிருக்கீங்க? தளர விடுங்க. அது எங்கனயும் ஓடிராது."

ஓடிவிட்டது. தென்காசிக் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நுழையும்போது வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போகிற ஊர் இது. அந்தக் காற்று நடையில் இருந்த நூல்கண்டைத் தள்ள, அது படியிறங்கித் தெருவைக் கடந்து எதிர்வீட்டுத் திண்ணைக்குக் கீழே போய் நின்றது.

அந்தத் திண்ணையில் எதிர்வீட்டு அக்கா மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். தென்காசி, கடையம், ஆலங்குளம் வட்டாரத்தில் எந்தத் தெருவுக்குள் போனாலும் இந்தக் காட்சி இருக்கும். இலையைத் தகர அளவு வைத்து வெட்டி, தூளை நிரவி, ஒரு உருட்டு, தலையை மடக்கி ஒரு குத்து, நூலால் ஒரு கட்டு. கண் எதையோ பார்த்துக்கொண்டிருக்கும், வாய் எதையோ பேசிக்கொண்டிருக்கும், விரல் மட்டும் நிற்காது. அக்கா நூல்கண்டை எடுத்துக்கொண்டு வந்தார். மைனி பின்னுவதைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். "தாங்க" என்று ஊசியை வாங்கினார். மேலத்தெருவில் யாருக்கோ பெண் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டே ஒரு வரிசை முழுக்கப் போட்டுக் கொடுத்துவிட்டார். எண்ணிப் பார்த்தேன். 25.

"இது நல்ல சோலியா இருக்கே" என்றார். "தப்பாப் போனா உருவிப் பிரிச்சுக்கிடலாம். எங்களுக்குப் பிரிச்சா இலை கிழிஞ்சிரும். ஆயிரத்துக்குக் கொறஞ்சா நாமதான் இலைய வெலைக்கு வாங்கி ஈடு கட்டணும்."

குரோஷாவில் அந்தக் கருணை உண்டு. ஊசியில் நிற்பது ஒரே ஒரு உயிர்க் கண்ணி. அதைக் கழற்றி நூலை இழுத்தால், காலையிலிருந்து பின்னியதெல்லாம் சரசரவென்று அவிழ்ந்து பழையபடி நூலாகிவிடும். சேதாரம் கிடையாது, செய்கூலி மட்டும்தான் போகும். எங்கள் வீட்டு நடையில் அந்தச் சரசரச் சத்தம் அடிக்கடி கேட்டது.

வரிசை ஏற ஏற இன்னொரு விசேஷம் நடந்தது. ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரு சங்கிலி போட்டுத் துண்டைத் திருப்ப வேண்டும். திருப்பியபின் அந்த வரிசையின் கடைசிக் கண்ணி ஓரத்தில் சாய்ந்து, நான் கண்ணியே இல்லை, வெறும் முடிச்சு என்று பாவனை காட்டும். அதை நம்பி விட்டுவிட்டால் 25 என்பது 24, அடுத்து 23. செவ்வகமாகத் தொடங்கிய என் சோப்புப் பை, நிலை நிலையாகக் குறுகிக் காசி விசுவநாதர் கோபுரமாக எழும்பிக்கொண்டிருந்தது.

"எங்க பக்கத்துல இடையன்குடியில கால்டுவெல் ஐயரு கோயில் கட்டி முடிக்க 33 வருசம் ஆச்சு" என்றார் மைனி. "1847-ல ஆரம்பிச்சு 1880-ல முடிஞ்சுது. நீங்க அதையும் தாண்டிருவீங்க போலுக்கு."

"எங்க கோபுரத்துல 1924-ல இடி விழுந்தது. திரும்பக் கட்டிக் கும்பாபிஷேகம் பண்ணுனது 1990-ல. 66 வருஷம். எங்க ஊருல அவசரப்பட மாட்டோம் மைனி."

கால்டுவெல் பேச்சு வந்தால் மைனி லேசில் நிறுத்த மாட்டார். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவர் என்று நமக்கு அவரைத் தெரியும், மெரினாவில் சிலையும் இருக்கிறது. அவர் மனைவி எலைசா இடையன்குடிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தது மைனிக்குத்தான் முக்கியம். எலைசாவுக்கு அது தாய்வீட்டுச் சீதனம். அவருடைய அம்மா மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் 1820-களிலேயே லேஸ் வேலையைத் தொடங்கி வைத்தவர். அது கொக்கி ஊசி வேலை இல்லை. திண்டின் மேல் குண்டூசி குத்தி, சின்னச் சின்னக் கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. கொக்கி ஊசி பெரிதாக வேரூன்றியது ஆந்திராவில் நர்சாபூர்ப் பக்கம். அந்தப் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் 1982-ல் ஒரு புத்தகமே போட்டார். மணிக்கணக்காகப் பின்னி வெளிநாட்டுக்கு லேஸ் போகக் காரணமாக இருந்தவர்களை, வீட்டில் உட்கார்ந்து பொழுது போக்குகிறவர்கள் என்றுதான் எல்லாரும் கணக்கில் வைத்திருந்தார்கள் என்பது அவர் கண்டது. எதிர்வீட்டுத் திண்ணையைப் பார்த்தேன். அங்கேயும் யாராவது கேட்டால், "அவ வீட்லதான் இருக்கா" என்றுதான் அந்த வீட்டு அண்ணாச்சி சொல்வார்.

இதில் மைனி சொன்ன இன்னொரு சங்கதி என்னை அசைத்துவிட்டது. குரோஷாவை அச்சு அசலாகப் பின்னுகிற மெஷின் தொழிற்சாலைகளில் கிடையாதாம். கடையில் மெஷின் போட்டது என்று தொங்குவதெல்லாம் வேறு பின்னலை இதன் சாயலில் செய்தது. அசல் குரோஷா என்றால் எங்கோ ஒருவர் கையால் ஒவ்வொரு கண்ணியாக இழுத்ததுதான். இப்படிக் கையால் பின்னியே சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற குழுவினர் 2016 ஜனவரியில் 11,148.5 சதுர மீட்டருக்கு ஒரு போர்வை செய்து கின்னஸில் ஏறினார்கள். போர்வை கிட்டத்தட்ட இரண்டே முக்கால் ஏக்கர். எங்கள் அப்பா விட்டுப்போன வயலே அவ்வளவு இல்லை.

என் பை அந்த அளவுக்குப் போகவில்லை. அடியில் அகலம், வாயில் குறுகல் என்று ஒரு நாள் முடிந்தது. மைனி ஓரம் தைத்துக் கயிறு கோத்துக் கொடுத்தார். சோப்பை உள்ளே விடுவதற்குள் அதன் நான்கு மூலையும் மழுங்கிவிட்டன. உள்ளே போனது வெளியே வராது, ஆகவே களவு போகாது என்று அதன் பெருமையை வீட்டாருக்கு விளக்கினேன்.

விடிவதற்கு முன்னால் குடும்பத்தோடு பேரருவிக்குக் கிளம்பினோம். சாரல் முகத்தில் அடித்தது. பையை மணிக்கட்டில் மாட்டி, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று கையைக் கொஞ்சம் வீசியே நடந்தேன். அருவிக்குப் போகிற வழியில் நின்ற பெண் போலீஸ் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், சோப்பு, ஷாம்பு, எண்ணெ எதுவும் உள்ள கொண்டுபோகக் கூடாது. ஹைகோர்ட் தடை இருக்கு, போர்டு பாக்கலியா?"

மதுரைக் கிளை போட்ட அந்தத் தடை ஊரறிந்த விஷயம். போனில் விசாரிக்கிற ஒவ்வொரு சொந்தக்காரனுக்கும் நானே சொல்லிக்கொண்டிருப்பதுதான். மைனி சட்டென்று மலை உச்சியைப் பார்க்க ஆரம்பித்தார். என் மனைவிக்கு இருமல் வந்தது.

சோப்பை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம் என்றால் அது வாய் வழியே வரவில்லை. போலீஸம்மா பையை வாங்கி, கயிற்றைத் தளர்த்தி, பின்னலை விரலால் விரித்து, நனைந்த சோப்பைப் பக்குவமாகப் பிதுக்கி எடுத்தார். பிறகு பையைத் திருப்பி, ஓரத்தைத் தடவிப் பார்த்தார். அந்தத் தடவல் எனக்குப் பழக்கமான தடவல்.

"யாரு சார் போட்டது?"

"நான்தான்."

"ஒவ்வொரு வரிசையிலயும் கடைசிக் கண்ணிய விட்டுட்டே வந்துருக்கீங்க" என்று பையைத் திருப்பிக் கொடுத்தார். "பிரிச்சுப் போடுங்க சார். நூலு நல்ல நூலு."